வீட்டு வேதபாடக் குழு நடத்துவது எப்படி: தனித் தியானத்தோடு சேர்த்துக் கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

தினமும் ஒரு அதிகாரம் வாசிக்கிறவர்கள், ஞாயிறு ஆராதனையை விடாதவர்கள், புதன்கிழமை வேதபாடத்துக்கும் போகிறவர்கள், இவர்களில் நிறையப் பேர் ஒரு கட்டத்தில் சொல்வது இது: "எல்லாம் செய்யறேன், ஆனா உள்ளே எதுவும் வளர்ற மாதிரி தெரியலை." நான் பார்த்தவரை இதற்குக் காரணம் பக்தி குறைந்துபோனது அல்ல. காலையில் தனியாக வாசிப்பது ஒரு பகுதி, குழுவில் படிப்பது வேறொரு பகுதி, ஞாயிறு பிரசங்கம் மூன்றாவது ஒன்று. எதுவும் மனதில் தங்கி வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை.

இங்கே சொல்லும் முறை, வாரம் முழுக்க ஒரே பகுதியோடு இருப்பது. முதலில் தனியாக வாசிப்பு, அப்புறம் கூட்டம், அதற்குப் பிறகு மறுபடி தனியாகச் சிந்தனை, அடுத்த வாரம் கூடும்போது "போன வாரம் எடுத்த தீர்மானம் என்ன ஆயிற்று" என்ற விசாரிப்பு. இந்த வரிசையை மாற்றினால் பலன் பாதியாகிவிடும், ஏன் என்பதை ஒவ்வொரு படியிலும் சொல்கிறேன். உதாரணங்கள் எல்லாம் மாற்கு சுவிசேஷத்திலிருந்து.

1. ஆள் சேர்ப்பதற்கு முன் இரண்டு பேரிடம் பேசுங்கள்

முதலில் உங்கள் சபைப் போதகர். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையென்றால் ஐயர், கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தை. அனுமதி கேட்கும் தோரணை வேண்டாம், ஆனால் தெரியப்படுத்துவது அவசியம். வீட்டில் ஐந்தாறு பேர் வேதம் வாசிக்கக் கூடுகிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு மூன்றாவது ஆள் வழியாகப் போனால், அது "தனிச் சபை ஆரம்பிக்கிறாங்க" என்று உருமாறித்தான் போய்ச் சேரும். அதன் பிறகு சமாதானம் சொல்லியே மாதங்கள் போய்விடும்.

இரண்டாவது ஆள், உங்களோடு சேர்ந்து இதைச் சுமக்கப்போகிற ஒருவர். உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் ஊருக்குப் போனாலும் அந்த வாரக் கூட்டத்தை அவர் நடத்துவார். ஒரே ஆளை நம்பி நடக்கும் குழு, அந்த ஆள் களைத்த அன்றைக்கே நின்றுவிடும்.

அதற்குப் பிறகு ஆட்களை அழையுங்கள். ஐந்து முதல் எட்டுப் பேர் சரியான அளவு. பத்தைத் தாண்டினால் மூன்று பேர் பேசுவார்கள், மீதிப் பேர் தலையாட்டுவார்கள். ஆட்கள் கூடினால் மகிழ்ச்சிதான், இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள்.

2. நாள், இடம், டீ

வெள்ளிக்கிழமை பல சபைகளில் உபவாச ஜெபம், சனிக்கிழமை இரவு ஞாயிறுக்கான ஆயத்தம். செவ்வாய் அல்லது வியாழன் சாயங்காலம் பெரும்பாலும் ஒத்துவரும். எந்த நாளாக இருந்தாலும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் "இந்த வாரம் எப்போ கூடலாம்" என்று வாட்ஸ்ஆப்பில் கேட்க ஆரம்பித்த குழுக்கள் நீடித்து நான் பார்த்ததில்லை.

வீடு வீடாக மாறிக் கூடுகிறீர்கள் என்றால் ஒரு விதியை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்: டீயும் பிஸ்கட்டும் மட்டும். ஒரு வீட்டில் கேசரி, வடை என்று ஆரம்பித்தால் அடுத்த வீட்டுக்காரர் அதைவிடக் குறைவாகச் செய்ய முடியாமல் தவிப்பார், வசதி குறைந்தவர் "எங்க வீட்ல இடம் பத்தாது" என்று ஒதுங்கிக்கொள்வார். இன்னொன்றும் நடக்கும்: அந்த வீட்டு அம்மா கூட்டம் முழுக்க அடுப்படியிலேயே நிற்பார். அவரும் வேதம் படிக்க வந்தவர்தான். டீயை ஃபிளாஸ்கில் போட்டு வைத்துவிட்டு அவரும் வந்து உட்காரட்டும்.

3. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

மாற்கு. மொத்தம் 16 அதிகாரம், சம்பவங்கள் அடுத்தடுத்து வேகமாக வரும், யாருக்கும் முன் அறிவு தேவையில்லை. ஆர்வத்தில் பலர் வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்குகிறார்கள், மூன்றாவது வாரத்தில் அது விவாத மேடையாகிவிடுகிறது. ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போகலாம் என்று தீர்மானிப்பவர்கள் லேவியராகமத்தில் நின்றுபோகிறார்கள்.

"பொறுமை", "விசுவாசம்", "குடும்பம்" என்று தலைப்பு வாரியாகப் படிப்பதையும் ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள். தலைப்பை நாம் தேர்ந்தெடுக்கும்போது நமக்கு ஏற்கெனவே தெரிந்த வசனங்களைத்தான் சுற்றிச் சுற்றி வருவோம். ஒரு புத்தகத்தை வரிசையாகப் படித்தால் நாம் தேடிப் போகாத விஷயங்களும் எதிரே வந்து நிற்கும், அவற்றைத் தாண்டிப் போக வழியிருக்காது.

அதிகாரப் பிரிவை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை, சம்பவங்களைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் 1:1–20 (முதல் அதிகாரம், 1 முதல் 20 வரையுள்ள வசனங்கள்), இரண்டாம் வாரம் 1:21–45, மூன்றாம் வாரம் 2:1 முதல் 3:6 வரை. அந்த மூன்றாம் பகுதியில் திமிர்வாதக்காரன் (உடல் முடங்கியவன்), வரி வாங்குபவரின் வீட்டுச் சாப்பாடு, உபவாசம், கதிர் கொய்தது, சூம்பின கை என்று ஐந்து மோதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசியில் இயேசுவைக் கொலை செய்ய ஆலோசிப்பதில் முடிகிறது. அதிகாரத்தின் முடிவில் நிறுத்தியிருந்தால் ஐந்தாவது மோதல் அடுத்த வாரத்துக்குப் போயிருக்கும், கோபம் எப்படிப் படிப்படியாக ஏறியது என்பது கண்ணில் பட்டிருக்காது.

4. கையில் என்னென்ன வேண்டும்

அச்சு வேதாகமம் ஒன்று, நோட்டு ஒன்று, பேனா. போனில் வாசிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் நடுவில் ஒரு மெசேஜ் வந்தால் கண் அங்கேதான் போகும்.

எல்லோர் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருந்தால் வாசிப்பு தடங்காது. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. அதன் நடை சில இடங்களில் இளையவர்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் புரியாது, ஆகவே ஒருவராவது திருவிவிலியமோ எளிய தமிழில் உள்ள வேறொரு பதிப்போ வைத்திருக்கட்டும். முட்டுகிற இடத்தில் அதிலிருந்து ஒருமுறை வாசித்தால் போதும், ஒப்பிட்டுக்கொண்டே உட்கார வேண்டாம்.

விளக்கவுரை நூல்களும் யூடியூப் பிரசங்கங்களும் கூட்டம் முடிந்த பிறகு மட்டும். முன்னாலேயே கேட்டுவிட்டு வந்தால் அந்தப் பிரசங்கியார் கண்ட விஷயத்தைத்தான் நீங்களும் காண்பீர்கள், உங்கள் கண் வேலை செய்யாது.

5. கூட்டத்துக்கு முன்: தனியாக வாசிக்கும் முறை

புதியவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். கூட்டத்துக்குக் கிளம்பும்போது ஒருமுறை வேகமாக வாசித்துவிட்டு வருவார்கள். அப்படி வருகிறவர் கூட்டத்தில் கேட்பவராகத்தான் இருக்க முடியும், கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது.

கூட்டத்துக்கு முன் மூன்று நாளாவது அதே பகுதியை வாசியுங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். உட்கார்ந்தவுடன் "ஆண்டவரே, இதில் இருப்பதைப் பார்க்க என் கண்ணைத் திறந்தருளும்" என்ற அளவில் ஒரு சிறு ஜெபம், அப்புறம் வாசிப்பு.

முதல் நாள் வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள், ஒன்றும் எழுத வேண்டாம். கண் தாவிப் போகும் இடங்களில் நாக்கு தாவ முடியாது. இரண்டாம் நாள் கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள்: யார் யார் இருக்கிறார்கள், எந்த நேரம், எந்த இடம், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எது எதிர்பாராதது. "இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்" என்று எழுதக் கை துறுதுறுக்கும், பொறுங்கள். மூன்றாம் நாள் உங்களுக்கு எழும் கேள்விகளை எழுதுங்கள், பதில் தெரியாத கேள்விகளாக இருந்தால் இன்னும் நல்லது. குழுவுக்கு நீங்கள் கொண்டுபோகப் போவது அந்தக் கேள்விகளைத்தான்.

நேரம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விடியற்காலை எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, தானும் வேலைக்கு ஓடுகிற பெண்கள். அவர்களிடம் "நாலு மணிக்கே எழுந்திருங்க" என்று சொல்வது நியாயமில்லை. பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறிப்போன பிறகு கிடைக்கும் பதினைந்து நிமிடம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நேரம், சமைக்கும்போது ஒலி வேதாகமத்தில் அதே பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, எல்லாமே வாசிப்புதான். மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று வருகிறது. முந்தின சாயங்காலம் முழுக்க அவர் வாசலில் ஊரே கூடி நின்றிருந்தது. கூட்டம் நிறைந்த வாழ்க்கைக்கு நடுவே அவருமே ஒரு தனி இடத்தைத் தேடிப்போகத்தான் வேண்டியிருந்தது. நாலு மணி என்பதைவிட, யாரும் கூப்பிடாத ஒரு இடமும் நேரமும் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

6. கவனிப்பது என்றால் என்ன: ஒரு பகுதியை எடுத்துப் பார்ப்போம்

மாற்கு 4:35–41, கடலில் புயல். ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்த கதை, அதனாலேயே யாரும் சரியாக வாசிக்காத கதை. இதை வாசித்து எழுதச் சொன்னால் புதியவர்கள் உடனே எழுதுவது, "நம் வாழ்க்கையில் புயல் வரும்போது இயேசு அமைதிப்படுத்துவார்." தவறில்லை. ஆனால் அது வாசிப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

மெதுவாக வாசித்தால் கிடைப்பவை வேறு. அக்கரைக்குப் போவோம் என்று சொன்னது இயேசு, அந்தப் பயணமே அவருடைய யோசனை (வசனம் 35). அன்றைக்குப் பகல் அவர் படகிலிருந்தே ஜனங்களுக்குப் போதித்திருக்கிறார் (4:1), களைப்பாக இருந்திருப்பார். வேறு படவுகளும் கூடவே வந்தன (36). அவர் தலையணை வைத்துத் தூங்குகிறார் (38). சீஷர்கள் அவரை எழுப்பிக் கேட்பது "காப்பாற்றும்" என்ற விண்ணப்பம்கூட அல்ல, "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்ற மனத்தாங்கல். அவர் முதலில் காற்றையும் கடலையும் அடக்குகிறார், அவர்களிடம் கேள்வி கேட்பது அதற்குப் பிறகுதான். "மிகவும் பயந்து" என்ற வார்த்தை புயல் அடிக்கும்போது வரவில்லை, புயல் நின்ற பிறகு வருகிறது (41). அமைதியான கடலின் நடுவில்தான் அவர்கள் அதிகமாகப் பயப்படுகிறார்கள், "இவர் யாரோ" என்று.

இவ்வளவும் வேறு புத்தகம் எதையும் திறக்காமல் அந்த ஏழு வசனத்திலிருந்தும் அதே அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்தும் எடுத்தவை. ஒத்துவாக்கியமாக, அதாவது இதோடு ஒத்துப்போகும் வேறு வேதப் பகுதியாக, யோனா முதல் அதிகாரத்தையும் சங்கீதம் 107:23–30-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "இவர் யாரோ" என்ற கேள்வி இன்னும் ஆழமாகும். அந்தச் சங்கீதத்தில் கொந்தளிக்கும் கடலை அமர்த்துகிறவர் கர்த்தர்.

ஒரு குழுவில் இந்தப் பகுதி நடந்தபோது, கடல் தொழில் செய்யும் குடும்பத்து அண்ணன் ஒருவர் இருந்தார். ஜெபத்தைத் தவிர வேறு எதற்கும் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்றைக்கு அவர்தான் சொன்னார்: "சீமோனும் அந்திரேயாவும் தொழில் தெரிஞ்சவங்க. அவங்களே சாகப்போறோம்னு சொன்னா அது சாதாரணக் காத்து கிடையாது. எங்காளுங்க லேசுல அப்படிச் சொல்ல மாட்டாங்க." அது வரைக்கும் "சீஷர்களுக்கு விசுவாசம் பத்தலை" என்று சுலபமாகப் பேசிக்கொண்டிருந்த எல்லோரும் அமைதியாகிவிட்டோம். தனியாக வாசித்திருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது. குழு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அந்த அண்ணனைத்தான் நினைத்துக்கொள்வேன்.

7. கூட்டம்: ஒன்றரை மணி நேரத்தின் வரிசை

ஒரு பாட்டு, சுருக்கமான ஜெபம். பாட்டு மூன்றாகி ஜெபம் இருபது நிமிடமானால் வேதபாடம் ஜெபக்கூட்டமாகிவிடும். ஜெபக்கூட்டம் நல்லதுதான், அதற்குத் தனி நாள் இருக்கிறது.

அடுத்து பத்து நிமிடம், போன வாரத் தீர்மானம். இதைப் பற்றி ஒன்பதாவது பகுதியில் சொல்கிறேன். நேரம் இல்லை என்று குழுக்கள் முதலில் வெட்டுவது இதைத்தான், வெட்டவே கூடாததும் இதுதான்.

பிறகு பகுதியை வாய்விட்டு வாசியுங்கள். ஆளுக்கொரு வசனம் என்று சுற்றி வரும் பழக்கம் வேண்டாம். ஒன்று, சம்பவம் துண்டு துண்டாகிவிடும். இரண்டு, தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் எதையும் கேட்க மாட்டார். மூன்று, சரளமாக வாசிக்கத் தெரியாத ஒருவர் அன்றோடு வராமல் நின்றுவிடக்கூடும், காரணமும் சொல்ல மாட்டார். நன்றாக வாசிக்கும் ஒருவரோ இருவரோ முழுவதையும் வாசிக்கட்டும்.

அப்புறம் மூன்று கேள்விகள், இதே வரிசையில்: என்ன இருக்கிறது? என்ன அர்த்தம்? எனக்கு என்ன? முதல் கேள்விக்கு அரை மணி நேரம் தாராளமாகக் கொடுங்கள். அது நன்றாக நடந்தால் இரண்டாவதற்கான பதில் பாதி வந்துவிடும். நேராக மூன்றாவதற்குத் தாவினால் ஒவ்வொருவரும் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

நடத்துகிறவர் பிரசங்கம் பண்ணக் கூடாது. கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக இருக்க வேண்டும், அந்த அமைதி எவ்வளவு சங்கடமாக இருந்தாலும். பதில் வரவில்லையே என்று நீங்களே சொல்லத் தொடங்கினால் "கொஞ்சம் பொறுத்தால் இவரே சொல்லிவிடுவார்" என்று குழு கற்றுக்கொள்ளும். "ஆமாம்" "இல்லை" என்று முடிந்துவிடும் கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். "சீஷர்களுக்கு விசுவாசம் இருந்ததா?" என்று கேட்பதைவிட, "அவர்கள் அவரை எழுப்பினதே விசுவாசம் இல்லையா, பிறகு ஏன் அவர் அப்படிக் கேட்டார்?" என்று கேட்டால் பேச்சு நகரும்.

நிறையப் பேசுகிற ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். கூட்டத்தில் வைத்து அவரை நிறுத்த வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அந்த ரெண்டு பேரைப் பேச வைக்கணும், நீங்கதான் உதவி பண்ணணும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே முன்வந்து உதவுவார்.

"ஆண்டவர் எனக்கு இப்படித்தான் வெளிப்படுத்தினார்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசத் துணிய மாட்டார்கள். அவரை மறுக்கவும் வேண்டாம், அங்கேயே முடிக்கவும் வேண்டாம். "எந்த வசனத்தில் அது உங்களுக்குத் தெரிந்தது?" என்று மரியாதையாகக் கேட்டு எல்லோரையும் மறுபடி பகுதிக்குள் கொண்டுவாருங்கள்.

8. அர்த்தம் தேடும்போது

நம் சபைகளில் ஜனவரி முதல் தேதி வாக்குத்தத்த வசனம், அதாவது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்காக எடுத்துக்கொள்ளும் வசனம் அச்சடித்த அட்டை, வாங்குவது ஒரு பெரிய சந்தோஷம். அந்த அட்டை வருஷம் முழுக்க வேதாகமத்துக்குள் இருக்கும், எனக்கும் அது பிரியமானதுதான். ஆனால் எல்லா வசனத்தையும் அட்டையில் அச்சடித்தது போலத் தனியாக எடுத்து வாசிக்கும் பழக்கம் வேதபாடத்துக்குள் வந்தால் சிக்கல்.

எரேமியா 29:11 நிறைய அட்டைகளில் வரும். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில் இருக்கிறது, அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று எழுதின பவுல் அப்போது காவலில் கட்டப்பட்டிருந்தார், முந்தின இரண்டு வசனத்தில் பட்டினியிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்படி வாசித்தால் ஆறுதல் குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கேட்டது கிடைக்காமல் போன வருஷத்திலும் கையில் நிற்கும் ஆறுதல் இப்படி வாசித்ததுதான்.

ஆகவே எந்தப் பகுதிக்கும் மூன்றைக் கேளுங்கள். இது யாரிடம், எந்தச் சூழலில் சொல்லப்பட்டது? இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? வேதத்தின் மற்றப் பகுதிகளோடு இது ஒத்துப்போகிறதா? இரண்டாவது கேள்விக்கு மாற்கு 10 அருமையான பயிற்சி. "உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்" என்ற கேள்வியை இயேசு அந்த ஒரே அதிகாரத்தில் இரண்டு தடவை கேட்கிறார், யாக்கோபு யோவானிடம் ஒரு முறை, குருடனான பர்திமேயுவிடம் ஒரு முறை. அவர்கள் வலதுபக்க, இடதுபக்க இடங்களைக் கேட்கிறார்கள், இவன் பார்வையைக் கேட்கிறான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உண்மையில் பார்வை இல்லாதவர்கள் யார் என்று குழுவே சொல்லிவிடும்.

ஒத்துவாக்கியம் ஒரு பகுதிக்கு இரண்டு போதும். பக்கம் புரட்டிக்கொண்டே இருந்தால் அறிவு கூடியதாகத் தோன்றும், கையில் இருக்கும் பகுதி கூர்மை இழந்துவிடும்.

9. எனக்கு என்ன: ஒரு தீர்மானம், ஒரு வாரம்

கூட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடம். எல்லோரும் அமைதியாக நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள், இந்த வாரம் நான் செய்யப்போவது என்ன என்று.

"நாம எல்லாரும் இன்னும் அதிகமா விசுவாசிக்கணும்" என்பது தீர்மானம் ஆகாது. "நாம" என்று தொடங்கினாலே அது தன்னைவிட்டு விலகிப் போய்விட்டது என்று பொருள். "நான் பொறுமையா இருப்பேன்" என்பதும் போதாது, செய்தோமா இல்லையா என்று அடுத்த வாரம் சொல்ல முடியாது. "பேசாமல் இருக்கிற நாத்தனாருக்கு சனிக்கிழமைக்குள் போன் செய்வேன்." "கடன் விஷயத்தை மனைவியிடம் மறைத்து வைத்திருக்கிறேன், இன்றைக்கே சொல்வேன்." இப்படி ஆளும் நாளும் இருக்க வேண்டும். எல்லோரிடமும் சொல்ல முடியாத விஷயமாக இருந்தால் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், அதற்காகக் குழுவுக்குள் இருவர் இருவராகச் சேர்த்துவிடலாம். ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு என்றால் பேச எளிது.

அடுத்த வாரம் முதல் பத்து நிமிடத்தில் இதைத்தான் விசாரிக்க வேண்டும். செய்ய முடியாதவரைக் குறுகிப்போக வைக்காதீர்கள். "என்ன தடுத்தது?" என்ற ஒரு கேள்வி போதும், பல நேரம் அதற்கு வரும் பதில்தான் அந்த வாரத்தின் மிக உண்மையான ஜெபக் குறிப்பு. இந்த விசாரிப்பு இல்லாத குழுவில் வேதஅறிவு வளரும், ஆட்கள் அப்படியே இருப்பார்கள்.

10. கூட்டத்துக்குப் பிறகு: மறுபடி தனியாக

அன்று இரவோ மறுநாள் காலையோ நோட்டைத் திறந்து, கூட்டத்தில் மனதைத் தைத்த ஒன்றை எழுதுங்கள். மூன்று வரி போதும். பேச்சின் சூடு ஒரு ராத்திரியில் ஆறிவிடும், எழுதியது இருக்கும்.

அடுத்த இரண்டு நாள் அதே பகுதியை ஜெபமாக்குங்கள். அதாவது அதில் வரும் ஆட்களின் வார்த்தையை உங்கள் வாயில் எடுத்துக்கொள்வது. "உமக்குக் கவலையில்லையா" என்று கேட்கத் தோன்றினால் கேளுங்கள், சீஷர்கள் கேட்டார்கள், அவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் மகனுக்குச் சுகம் கேட்டு வந்த தகப்பனின் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற வரியை வாழ்நாள் முழுக்க ஜெபிக்கலாம். வார்த்தையே வராத நாட்களுக்கு 13-ஆம் சங்கீதமும், அதையும்விட இருட்டான நாட்களுக்கு 88-ஆம் சங்கீதமும் இருக்கின்றன. 88 கடைசி வரை வெளிச்சத்துக்கு வராமலே முடிகிறது, அப்படிப்பட்ட ஒரு ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் உண்டு.

படுக்கும் முன் ஐந்து நிமிடம் அன்றைய நாளை ஆண்டவர் முன் திருப்பிப் பாருங்கள்: எங்கே நன்றி சொல்ல வேண்டும், எங்கே மன்னிப்புக் கேட்க வேண்டும், தீர்மானம் எந்த அளவில் இருக்கிறது. வெறும் குற்றக் கணக்காக இது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றியில் தொடங்கச் சொல்வது அதனால்தான்.

11. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய இடங்கள்

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் விழும், யாராவது பன்றிகளுக்காகக் கேட்பார்கள். பதினொன்றில் அத்திமரம் சபிக்கப்படும், அதை நடுவில் வரும் தேவாலயச் சம்பவத்தோடு சேர்த்து வாசித்தால்தான் பிடிபடும். தெரியாத கேள்விக்கு "தெரியலை, ஐயர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பதின்மூன்றாம் அதிகாரம் வரும்போது கடைசிக்காலத்தைப் பற்றிக் கேட்ட பிரசங்கமெல்லாம் மேசைக்கு வரும். "அந்த நாளையும் நாழிகையையும் யாரும் அறியார்கள், விழித்திருங்கள்" என்பதுதான் அந்த அதிகாரம் போய் நிற்கும் இடம், அங்கேயே நில்லுங்கள். 16:9–20 மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இல்லை என்ற குறிப்பு சில பதிப்புகளில் இருக்கும். அதைப் பார்த்து யாராவது கலங்கினால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கல்லறை வெறுமையாயிருந்ததும் "அவர் உயிர்த்தெழுந்தார்" என்ற தூதும் எட்டாம் வசனத்துக்கு முன்பே வந்துவிடுகின்றன.

12. குழுவைக் கெடுக்கும் சில விஷயங்கள்

ஜெபக் குறிப்பு ஊர்ப்பேச்சாவது முதல் ஆபத்து. "அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் சண்டை தெரு முழுக்கப் போய்விடும். இங்கே பேசியது இங்கேயே இருக்க வேண்டும் என்பதை முதல் வாரம் சொன்னால் போதாது, அடிக்கடி சொல்லுங்கள். ஒருமுறை உடைந்தால் அதற்குப் பிறகு யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள்.

பணம் இரண்டாவது. சீட்டு, பாலிசி, சங்கிலி வியாபாரம், கைமாற்று, எதுவும் குழுவுக்குள் வேண்டாம். உண்மையாகவே கஷ்டத்தில் இருப்பவருக்குச் சேர்ந்து உதவுவது வேறு, அதைக் கடனாக இல்லாமல் கொடையாகவே செய்துவிடுங்கள்.

தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் ஜெபியுங்கள், கூடவே அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "விசுவாசம் இருந்தா மருந்து எதுக்கு" என்று யாரும் பேச விடாதீர்கள்.

வேறு மதத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவரைச் சுற்றிக் கூட்டத்தை மாற்ற வேண்டாம். சபைச் சொற்களை மட்டும் கொஞ்சம் விளக்குங்கள், அவர் கேள்வி கேட்கட்டும், முடிவெடுக்கும்படி நெருக்காதீர்கள். நாம் கேட்கத் தயங்கும் கேள்விகளை அவர்தான் கேட்பார்.

13. புத்தகம் முடியும்போது

கடைசி வாரம் மாற்கு முழுவதையும் ஒரே அமர்வில் வாய்விட்டு வாசியுங்கள். ஒன்றரை மணி நேரம் போல ஆகும். எட்டு, ஒன்பது, பத்து அதிகாரங்களில் இயேசு தம் பாடுகளைப் பற்றி மூன்று முறை சொல்வதும், ஒவ்வொரு முறையும் சீஷர்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் போவதும், வாரா வாரம் துண்டாகப் படித்தபோது தெரியாதது, அன்றைக்கு நன்றாகக் காதில் விழும்.

அதன் பிறகு ஒரு மாதம் இடைவெளி விடுங்கள், நிறுத்த நினைக்கிறவர்கள் சங்கடமில்லாமல் நிறுத்திக்கொள்ள அது ஒரு வாசல். அடுத்து பிலிப்பியர் எடுக்கலாம், நாலே அதிகாரம். அதை முதல் பகுதியில் சொன்ன அந்த இரண்டாவது ஆள் நடத்தட்டும், நீங்கள் மற்றவர்களோடு சேர்ந்து நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அவர் நடுவில் தடுமாறும்போது எல்லோர் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும். அப்போது வேதாகமத்தைப் பார்த்துக் குனிந்துகொள்ளுங்கள், அவரே சமாளித்துக்கொள்வார்.